87-ல் ஒரு பங்கு

சான் டியாகோ நகரத்தின் பல்போவா பூங்காவில் காசா டி பல்போவா என்றொரு கட்டடம் இருக்கிறது. பார்த்தால் ஏதோ பழைய ஸ்பானிய அரண்மனை மாதிரி தெரியும். பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட 1915-ல் இங்கே ஒரு பெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்காக எழுப்பிய மாளிகை 1978-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. பிறகு அதே முகப்பு, அதே சிற்ப வேலைப்பாடு என்று திரும்பக் கட்டினார்கள். ஆக இந்தக் கட்டடமே ஒரு மாடல்தான், என்ன, ஒன்றுக்கு ஒன்று அளவில். அதன் கீழ்த்தளத்தில் மாடல் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

மாடல் ரயில் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது வட்டமாகச் சுற்றிவரும் பொம்மை ரயில். அதுவும் இங்கே உண்டு. லயனல் கம்பெனியின் மூன்று தண்டவாள ரயில்களுக்கென்று தனி அறை, உள்ளே எப்போதும் குழந்தைகளின் கூச்சல். ஆனால் இந்த இடத்தின் உயிர் வேறு கூடங்களில் இருக்கிறது. உள்ளூர் கிளப்புகள் ஆளுக்கொரு நிலப்பரப்பை எடுத்துக்கொண்டு வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டி முடித்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. அதில் லா மேசா கிளப் எடுத்துக்கொண்டது தெஹாச்சபி கணவாய்.

தெஹாச்சபி என்பது கலிபோர்னியாவின் நடுச் சமவெளிக்கும் தெற்கே மொஹாவே பாலைவனத்துக்கும் இடையில் நிற்கும் மலைத்தொடர். நடுச் சமவெளி வழியாக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ரயில் விட வேண்டுமென்றால் இதைத் தாண்டியாக வேண்டும். காலியண்டே என்ற ஊரிலிருந்து மலையுச்சி ஊரான தெஹாச்சபிக்குக் காக்கை பறக்கும் தூரம் ஏறக்குறைய 16 மைல். ஆனால் அந்தச் செங்குத்தில் ரயில் ஏறாது. அதனால் பாதையை இழுத்து, மடித்து, வளைத்து 28 மைலாக்கினார்கள். ஓரிடத்தில் வளைக்கவும் இடமில்லாமல் போனது. அங்கே பாதை ஒரு குன்றைச் சுற்றி முழு வட்டமடித்து, தான் வந்த வழிக்கு மேலேயே 77 அடி உயரத்தில் கடந்து போகிறது. கீழே 9-ஆம் எண் சுரங்கம், மேலே அதே பாதை. ரயில் 4,000 அடி நீளமிருந்தால் எஞ்சின் தன் வாலின் தலைக்கு மேல் ஓடும். இதுதான் தெஹாச்சபி லூப். 1876-ல் திறந்தது, இன்றும் அதே வட்டத்தில்தான் சரக்கு ரயில்கள் ஏறி இறங்குகின்றன.

இதை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? அமெரிக்காவில் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. அளவு. அசலில் 87-ல் ஒரு பங்கு. லூப்பின் நீளம் 1,150 மீட்டர் சொச்சம், வகுத்தால் 13 மீட்டர். ஏற்றம் 23 மீட்டர், வகுத்தால் ஒரு சாண் சுமாருக்கு 27 சென்டிமீட்டர். இதெல்லாம் சரி. ஆனால் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து மொஹாவே வரை முழுப் பாதையும் சுமார் 110 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் வரும். எந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கும் அது அடங்காது. ஆகவே மாடல் செய்கிறவர் முதலில் கற்க வேண்டிய வித்தை எதை விடுவது என்பது. மூன்று வளைவு இருக்கும் இடத்தில் ஒன்று போதும். ஐந்து களஞ்சியத்துக்கு இரண்டு. பார்க்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியக்கூடாது. அந்த வட்டாரத்தை நன்றாக அறிந்தவன் வந்து பார்த்து "ஆமா, இதேதான்" என்று சொல்ல வேண்டும். விட்டது தெரியாமல் விடுவதில்தான் ஒரு மாடலின் தரம் இருக்கிறது.

இடத்தைச் சுருக்குவது போலவே காலத்தையும் சுருக்க வேண்டும். ஏதாவது ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இந்தக் கூடத்தில் 1950கள். உலகம் முழுக்க மாடல் ரயில்காரர்களுக்கு இந்தக் காலம் பிரியமானது, காரணம் எளிது: நீராவி எஞ்சின் இன்னும் போகவில்லை, டீசல் வந்துவிட்டது. இரண்டையும் ஓடவிடலாம். தெஹாச்சபி விஷயத்தில் இன்னொரு கவர்ச்சியும் உண்டு. சதர்ன் பசிபிக் கம்பெனி இந்த மலைப்பாதைகளுக்கென்றே டிரைவர் அறையை முன்பக்கம் வைத்த ராட்சத நீராவி எஞ்சின்களை ஓட்டியது. சுரங்கத்துக்குள் புகை டிரைவரின் மூச்சை அடைக்காமலிருக்க எஞ்சினையே முன்பின்னாகத் திருப்பிப்போட்ட யோசனை அது. எண்ணெயில் எரிவதால் கரி அள்ளிப்போடும் கவலை இல்லை. அவற்றில் ஒன்றே ஒன்று மிஞ்சி சாக்ரமெண்டோவின் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இங்கே, விரல் உயர அளவில், அது இன்னும் ஓடுகிறது.

நான் அங்கே என் அப்பாவோடு போனேன். அமெரிக்காவுக்கு வரும் பெற்றோர்களுக்குக் கடற்கரை, மிருகக்காட்சி சாலை, கோயில் என்று காட்டிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் மூன்றாவது வாரம். அப்பா ரயில்வேக்காரர். ஸ்டேஷன் மாஸ்டரோ டிரைவரோ இல்லை. திண்டுக்கல் பக்கம் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாகி, மேட்டாக ஓய்வு பெற்றவர். ஜல்லி குத்துவது, ஸ்லீப்பர் மாற்றுவது, வெயிலிலும் மழையிலும் தன் எல்லைக்குட்பட்ட பாதையைச் சாவியும் சுத்தியலுமாக நடந்து பார்ப்பது. அவரைப் பொறுத்தவரை ரயில் என்பது பாதையின் மேல் அவ்வப்போது வந்து அதைக் கெடுத்துவிட்டுப் போகிற ஒரு சாமான்.

எல்லோரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார்.

"கேண்ட் குடுத்திருக்கான் பாரு" என்றார். வளைவில் வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுவது. பொம்மைக்கு அது தேவையில்லை, அழகுக்காகச் செய்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அதில் மரியாதை வந்துவிட்டது. அடுத்த கேள்வி: "ஒத்தை லைனா இருக்கே, டோக்கன் எங்க?"

அமெரிக்காவில் அந்த முறை பரவவில்லை என்றேன். ஒற்றைப் பாதையில் எந்த ரயில் எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அச்சிட்ட கால அட்டவணையும், இடையில் ஏதும் மாறினால் கட்டுப்பாட்டாளர் சொல்லச் சொல்ல ஸ்டேஷன்காரர் மெல்லிய தாளில் எழுதித் தரும் உத்தரவும்தான் தீர்மானிக்கும். ஓடும் ரயிலுக்கு அந்தத் தாளை ஒரு வளையத்திலோ கவட்டையிலோ மாட்டி நீட்டுவார்கள். "நம்மள மாதிரியேதான், உள்ள உருண்டைக்குப் பதிலா பேப்பர்" என்று முடித்துக்கொண்டார். கிளப்காரர்கள் கூடி இதே முறையில், 1950களின் அட்டவணைப்படி, கட்டுப்பாட்டாளர், டிரைவர் என்று ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டு மணிக்கணக்கில் ரயில் நடத்துவார்கள். ஒரு உத்தரவைத் தவறாகப் படித்தால் இரண்டு ரயில் நேருக்கு நேர் வந்து நிற்கும். விளையாட்டு என்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

மலை எப்படிச் செய்தீர்கள் என்று அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். சந்தோஷமாகச் சொன்னார். கசக்கிய செய்தித்தாளின் மேல் பிளாஸ்டரில் நனைத்த தாளைப் போர்த்துவது இந்தக் கலையில் பழைய வழி. பாறைக்கு, நிஜப் பாறையில் ரப்பர் ஊற்றி அச்செடுத்து அதில் பிளாஸ்டரை வார்ப்பார்கள். புல்லுக்கும் புதருக்கும் காய்ந்த செடிகள், பஞ்சு, சாயமேற்றிய தூள். அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறார்கள். நாற்பது வருடத்துக்கும் மேலாக நடக்கும் வேலை.

நான் மொழிபெயர்த்ததைக் கேட்டுவிட்டு அப்பா, "அசல் மலைய யாரு வெட்டுனது? எத்தனை வருஷம்?" என்றார்.

"சீனாக்காரங்க. ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட."

அவர் மறுபடி அந்த பிளாஸ்டர் மலையைப் பார்த்தார். ஒவ்வொரு வளைவும் ஒரு வெட்டு, ஒவ்வொரு இருட்டுப் பொந்தும் ஒரு சுரங்கம். "ஆளுகளையே காணோமே" என்றார். ஸ்டேஷன் மேடைகளில் பெட்டியோடு நின்றவர்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பெரியவரிடம் அதையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் யோசித்து, நாங்கள் செய்வது 1950கள், அவர்கள் அதற்கு வெகு முன்பே போய்விட்டார்கள் என்றார். நியாயமான பதில். எந்த மாடலும் தன் வருடத்துக்கு மட்டும்தான் பொறுப்பு. வீட்டுக்கு வந்தபின் நான் புரட்டிக்கொண்டிருந்தது அந்த வெகு முன்பு நடந்ததைத்தான்.

தெஹாச்சபியில் வேலை 1874-ல் தொடங்கியது. வில்லியம் ஹூட் என்ற பொறியாளர் பாதையை வகுத்தார். வெட்டியவர்கள் சுமார் 3,000 பேர், பெரும்பாலும் தென் சீனத்தின் குவாங்டோங்கிலிருந்து வந்தவர்கள். கையில் கடப்பாறை, மண்வெட்டி, சம்மட்டி, குதிரை வண்டி, வெடிமருந்து. ஒருவன் துளையிடும் இரும்புக் கம்பியைப் பாறையில் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைச் சற்றுத் திருப்ப வேண்டும். துளை ஆழமானதும் மருந்தைக் கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓட வேண்டும். இப்படி 18 சுரங்கங்கள்.

இவர்களை வேலைக்கு எடுத்த முதலாளிகளுக்கு இது புதிதில்லை. சதர்ன் பசிபிக்கை நடத்தியவர்கள், அதற்கு முன் சியரா நெவாடா மலையைக் குடைந்து கண்டம் கடக்கும் ரயில்பாதையின் மேற்குப் பாதியைப் போட்ட சென்ட்ரல் பசிபிக்கின் அதே கூட்டாளிகள். அந்தப் பாதையில் உச்சக்கட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் உழைத்தார்கள், தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேர் அவர்கள்தான். 1867 ஜூனில், மலையுச்சியில், ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையை நிறுத்தினார்கள். மாதம் 40 டாலர், வேலை நேரக் குறைப்பு, சுரங்கத்துக்குள் எட்டு மணி நேரம் மட்டும் என்பவை கோரிக்கைகள். சண்டை சச்சரவில்லை, குடித்துவிட்டுக் கலாட்டா இல்லை. கூடாரத்திலேயே இருந்தார்கள், அவ்வளவுதான். கட்டுமானத்துக்குப் பொறுப்பான சார்லஸ் கிராக்கர் மலைக்குப் போகும் சாப்பாட்டுச் சாமானை நிறுத்தினார். எட்டு நாள். பிறகு எல்லோரும் பழைய கூலிக்கே வேலைக்குத் திரும்பினார்கள்.

அவர்களின் பெயர்கள்? சம்பளப் பட்டியல்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் வெள்ளைத் தொழிலாளிக்குப் பெயர் உண்டு. சீனர்களுக்குப் பெரும்பாலும் கங்காணியின் பெயர் மட்டும்: ஹுங் வா, அவருக்குக் கீழே இத்தனை ஆள், இத்தனை நாள், இத்தனை டாலர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 2012-ல் இதற்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் சீனாவிலும் தேடினார்கள். ரயில்பாதையில் உழைத்த ஒருவர் எழுதிய ஒரு கடிதம், ஒரு நாட்குறிப்புகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகமே சென்ட்ரல் பசிபிக் தலைவர் லேலண்ட் ஸ்டான்போர்டின் பணத்தில் எழுந்தது என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இருக்காது.

கிடைத்ததெல்லாம் மண்ணிலிருந்து. பழைய முகாம்களைத் தோண்டியபோது பழுப்பு மெருகிட்ட ஜாடிகளின் உடைசல், சோற்றுக் கிண்ணத்தின் ஓடு, நடுவில் ஓட்டை போட்ட செப்புக் காசு, அபின் டப்பா, ஏதோ ஓர் ஆட்டத்துக்கான கண்ணாடிக் காய்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய அளவுச் சாமான்கள். ஹெச்.ஓ. அளவில் ஒரு மனிதன் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த ஆட்டக் காய்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஏறக்குறைய பொருந்திவிடும் என்று ஒரு அபத்தமான கணக்கு மனதில் ஓடியது.

எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கும் கம்பெனி கணக்கு வைக்கவில்லை. 1870-ல் ஒரு சாக்ரமெண்டோ பத்திரிகை, சுமார் 20 ஆயிரம் பவுண்டு எலும்புகள் ரயிலில் போனதாகவும், அது 1,200 சீனர்களுடையது என்றும் எழுதியது. சொந்த ஊரில் அடக்கம் செய்வதற்காகத் தோண்டி எடுத்து அனுப்பியவை. ஆளைத் தலைக்கணக்கில் எண்ணவில்லை, எடையை வைத்து மதிப்புப் போட்டிருக்கிறார்கள். அந்த எண் எவ்வளவு சரி என்று இன்றும் வாதம் நடக்கிறது.

தெஹாச்சபியைத் தாண்டி வந்த பாதையும், தெற்கிலிருந்து சான் பெர்னாண்டோ மலையில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு சுரங்கத்தைக் கடந்து வந்த பாதையும் 1876 செப்டம்பர் 5 அன்று லாங் என்ற இடத்தில் இணைந்தன. அன்றைக்குத் தங்க ஆணி, வெள்ளிச் சுத்தியல், பேச்சு, வாத்தியம். தண்டவாளத்தின் இருபுறமும் சீனத் தொழிலாளர்கள் மண்வெட்டிகளோடு வரிசையாக நின்றார்கள். ஆணியை அடித்தவர் சார்லஸ் கிராக்கர், ஒன்பது வருடத்துக்கு முன் மலையில் சாப்பாட்டை நிறுத்திய அதே ஆள்.

அந்தப் பாதை போய்ச் சேர்ந்த லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து வருடம் முன்புதான், 1871 அக்டோபரில், ஒரு கும்பல் ஒரே இரவில் குறைந்தது 18 சீனர்களைக் கொன்றிருந்தது. ரயில் வந்து மூன்றாவது வருடம், 1879-ல், கலிபோர்னியா தன் புதிய அரசியல் சட்டத்தில் எந்தக் கம்பெனியும் சீனர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்று எழுதியது. அந்த விதி அடுத்த வருடமே நீதிமன்றத்தில் தோற்றது. தோற்காதது 1882-ன் சீன விலக்குச் சட்டம். சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வருவதையே அது தடுத்தது, 1943 வரை. 1950களின் தெஹாச்சபி ஸ்டேஷனில் ஏன் அவர்கள் இல்லை என்பதற்கு விடை இதில் பாதி இருக்கிறது. "போய்விட்டார்கள்" என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்குகிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாங்கில் 1976-ல், நூற்றாண்டையொட்டி, தென் கலிபோர்னியாவின் சீன வரலாற்றுச் சங்கம் 3,000-க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களின் நினைவாக ஒரு கல்வெட்டு வைத்தது. அந்தச் சங்கத்துக்கு அப்போது ஒரு வயது.

அடுத்த சனிக்கிழமை நானும் அப்பாவும் அசல் லூப்பைப் பார்க்கக் கிளம்பினோம். நாலு மணி நேர ஓட்டம். பாதை இருக்கும் நிலம் தனியாருடையது, உள்ளே இறங்க முடியாது. மேலே போகும் சாலையோரம் நின்று பார்க்கலாம். காய்ந்த மஞ்சள் புல், அங்கங்கே ஓக் மரம், நடுவில் அந்தக் குன்று. மாடலில் பார்த்ததே பெரிதாகி முன்னால் நிற்பது ஒரு விசித்திரமான உணர்வு. இதுதான் நகல் என்று ஒரு கணம் தோன்றும்.

சாலையோரத்தில் மாநில அரசின் நினைவுக் கல் இருக்கிறது. வில்லியம் ஹூட்டின் பெயர் இருக்கிறது, 1876 இருக்கிறது, 4,000 அடி ரயில் தன் வாலுக்கு மேல் 77 அடியில் கடக்கும் கணக்கும் இருக்கிறது. அப்பாவுக்கு முழுவதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான்.

குன்றின் உச்சியில் ஒரு வெள்ளைச் சிலுவை தெரிந்தது. 1989-ல் சான் பெர்னார்டினோவில் பிரேக் பிடிக்காமல் மலையிறங்கிக் கவிழ்ந்த சரக்கு ரயிலில் இறந்த இரண்டு ஊழியர்களுக்காக வைத்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். செத்தது ரயில்வேக்காரர்கள் என்று சொன்னதால்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தபின் ஒன்று வந்தது. முதலில் கீழே எங்கோ ஓர் உறுமல், பிறகு சுரங்கத்திலிருந்து எஞ்சின்கள், அவற்றின் பின்னால் இரட்டை அடுக்குக் கண்டெய்னர்கள். பெட்டிகளில் பாதிக்கு மேல் சீனக் கப்பல் கம்பெனிகளின் பெயர். குன்றைச் சுற்றி ஏறி, எஞ்சின் மேல் பாலத்துக்கு வந்தபோது கீழே கடைசிப் பெட்டிகள் இன்னும் சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. அப்பா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சக்கரம் தண்டவாளத்தில் உரசும் கிரீச்சுச் சத்தத்தைக் கேட்டதும் எண்ணுவதை விட்டுவிட்டு, "இந்த வளைவுல தேய்மானம் பயங்கரமா இருக்கும். மாத்திக்கிட்டே இருக்கணும்" என்றார்.

திரும்பும்போது, அடுத்த தடவை ரயிலிலேயே இதில் போகலாமே என்று கேட்டார். முடியாது என்றேன். 1971-க்குப் பிறகு இந்தப் பாதையில் வழக்கமான பயணி ரயில் கிடையாது. வடக்கிலிருந்து வரும் ரயில் பேக்கர்ஸ்ஃபீல்டில் நின்றுவிடும். லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்களை அங்கிருந்து ரயில்வேயே பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறது.

"பஸ்ஸிலயா?" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்தப் பொம்மை ரயில்ல பயணி வண்டி ஓடுச்சுல்ல?" என்று கேட்டார்.

ஓடியது. ஜன்னல்களில் விளக்குகூட எரிந்தது.